இருவரும் அனுப்பாத பாக்கெட்: காம்காஸ்ட் விவகாரம், ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஹில்ஸ்பரோ என்றொரு ஊர் இருக்கிறது. அங்கே வசித்த ராப் டோபோல்ஸ்கி மென்பொருள் சோதனையைத் தொழிலாகக் கொண்டவர். நெட்வொர்க் நெறிமுறைகள் அவருக்குக் கைவந்த சங்கதி. அவருடைய இன்னொரு பித்து, ‘பார்பர்ஷாப்’ என்று அமெரிக்கர்கள் சொல்லும் நால்வர் பாட்டு. வாத்தியம் எதுவும் கிடையாது, நான்கு குரல்கள் ஒன்றோடொன்று இழைந்து பாடும். பதிப்புரிமைக் காலம் முடிந்துபோன பழைய பதிவுகள் சிலவற்றை அவர் சேர்த்து வைத்திருந்தார். மற்ற ரசிகர்களும் கேட்கட்டும் என்று 2007 தொடக்கத்தில் அவற்றைக் கோப்புப் பகிர்வு மென்பொருள்கள் வழியாகக் கொடுக்க முனைந்தார். யாருக்கும் போய்ச் சேரவில்லை.

வாங்குவதில் அவருக்கு ஒரு சிக்கலும் இல்லை. வேண்டிய கோப்பை இறக்கிக்கொள்ள முடிந்தது. கொடுக்கப் போனால்தான் இணைப்பு தொடங்கிய வேகத்தில் அறுந்தது. இந்த இடத்தில் பெரும்பாலோர் மோடத்தை அணைத்துப் போடுவார்கள், மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவார்கள், அப்புறம் அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள். டோபோல்ஸ்கி தன் கணினிக்கு வந்துபோகும் பாக்கெட்டுகளை, அதாவது இணையத்தில் தரவு துண்டு துண்டாகப் பயணிக்கும் சிறு பொட்டலங்களை, பதிவுசெய்து படிக்கத் தொடங்கினார். 2007 மே மாதம் தான் கண்டதைப் பொதுவில் எழுதினார். அவருடைய இணையச் சேவை நிறுவனமும் அன்று நாட்டின் மிகப் பெரிய கேபிள் நிறுவனமுமான காம்காஸ்ட், அடுத்த ஆண்டு மத்தியத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. முன்னால் நின்று பதில் சொல்லும்படி ஆனது.

நெட்வொர்க் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு, பாக்கெட்டுகளைப் பதிவுசெய்து காட்டும் மென்பொருளான வயர்ஷார்க்கைத் திறந்துகாட்டும் முன்பே நான் இந்தக் கதையைச் சொல்லிவிடுவேன். அதில் இருக்கும் அரசியலுக்காகச் சொல்வதில்லை. ஒரு முனையில் எடுத்த பதிவு, இந்தப் பாக்கெட் இங்கே வந்தது என்பதற்கு மட்டுமே சாட்சி. யார் அனுப்பினார்கள் என்பதற்கு அதனால் சாட்சி சொல்ல முடியாது. இந்த வித்தியாசம் பிடிபடாமலே பத்து வருடம் வேலை பார்த்தவர்களைச் சந்தித்திருக்கிறேன். முதல் சில வருடங்கள் நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன்.

கருவி

கருவியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1988 வாக்கில் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வான் ஜேகப்சன், கிரெய்க் லெரஸ், ஸ்டீவன் மெக்கேன் ஆகியோர் எழுதிய டிசிபிடம்ப் இன்றும் சர்வர்களில் அன்றாடம் ஓடுகிறது. ஜெரால்ட் கோம்ப்ஸ் 1998இல் இதீரியல் என்ற பெயரில் வெளியிட்ட மென்பொருள், பாக்கெட்டைத் திரையில் அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டியது. 2006இல் அவர் வேறு நிறுவனத்துக்கு மாறியபோது பழைய பெயரின் உரிமை அவரோடு வரவில்லை. அப்போது பிறந்த பெயர்தான் வயர்ஷார்க்.

நெட்வொர்க் கார்டு வழியாக வருவதும் போவதுமான ஒவ்வொன்றுக்கும் இயங்குதளத்திடம் ஒரு நகல் கேட்டு வாங்கி, நேரம் குறித்து, கோப்பில் எழுதிக்கொள்வதுதான் இவற்றின் வேலை. இடையில் ஸ்விட்ச் இருக்கும் நெட்வொர்க்கில் பக்கத்து மேசைக்காரரின் உரையாடல் உங்கள் கார்டுக்கு வராது. உங்களுடையது மட்டுமே கிடைக்கும். டோபோல்ஸ்கியும் தன்னுடையதை மட்டுமே பிடித்தார். என் வீட்டு வாசலுக்கு யார் வந்தார் என்று நானே குறித்துவைத்தால் யாரும் குறை சொல்ல முடியாது. அடுத்த வீட்டு ஜன்னலில் காதை வைத்தால் அது வேறு விவகாரம், பல நாடுகளில் குற்றமும்கூட.

சிவப்பு வரி

இரண்டு கணினிகள் டிசிபி என்ற நெறிமுறை வழியாகப் பேசத் தொடங்கும்போது மூன்று பாக்கெட்டுகளில் அறிமுகம் முடிந்துவிடும். பேச்சு முடிந்தால் பாக்கெட்டில் ‘ஃபின்’ என்ற அடையாளக் கொடியை உயர்த்தி முறையாக விடைபெறலாம். சட்டென்று முறித்துக்கொள்ள இன்னொரு கொடி உண்டு, அதுதான் ரீசெட். 1981 செப்டம்பரில் வெளியான டிசிபி வரையறையிலேயே அது இருக்கிறது. ஒரு கணினி திடீரென்று அணைந்து மறுபடி எழுந்தால், பழைய உரையாடலின் தொடர்ச்சியாக வரும் பாக்கெட் அதற்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. ‘இப்படி ஓர் இணைப்பே என்னிடம் இல்லை’ என்று அது சொல்லத்தான் ரீசெட் வேண்டியிருந்தது. அதைப் பெற்ற கணினி காரணம் கேட்காது, உண்மையில் அனுப்பியவர் யார் என்று சரிபார்க்காது. அந்த நொடியே இணைப்பைக் கைவிட்டுவிடும். ஒருவரை ஒருவர் நம்பிய ஆய்வகங்களுக்காக எழுதப்பட்ட விதி அது.

வயர்ஷார்க்கின் வழக்கமான நிறத் தேர்வில் ரீசெட் வந்த வரி சிவப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்தாகத் துருத்திக்கொண்டு நிற்கும். டோபோல்ஸ்கி கொடுக்க முயன்ற இணைப்புகளின் கடைசியில் நின்றவை இந்த ரீசெட்டுகள்தான்.

அப்படிப்பட்ட ஒரே ஒரு வரியை எடுத்துக் கண்ணுக்கருகில் வைத்துப் பார்க்கலாம். முகவரிகளைச் சுமக்கும் ஐபி தலைப்பு 20 பைட், டிசிபி தலைப்பு 20 பைட், உள்ளே சரக்கு எதுவும் இல்லை. உள்ளூர்க் கம்பி இணைப்பான ஈதர்நெட்டின் தலைப்பு 14 பைட்டைச் சேர்த்தால் 54. இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. நீங்கள் அனுப்பும் ரீசெட் உங்கள் திரையில் 54 பைட்டாகத் தெரியும், உங்களுக்கு வரும் ரீசெட் 60 பைட்டாகத் தெரியும். ஈதர்நெட்டில் அதைவிடச் சிறியதை அனுப்ப முடியாது என்பதால் கம்பியில் ஏறும்போது சில பூஜ்யங்கள் ஒட்டப்படுகின்றன. அனுப்பும் பக்கத்தில் பதிவோ அதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. இந்த ஆறு பைட்டைப் பார்த்துவிட்டு யாரோ நடுவில் கைவைத்துவிட்டார்கள் என்று கிளம்பியவர்கள் உண்டு.

அந்த 40 பைட்டுக்குள் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, எந்த நிரலுக்கான பேச்சு என்று குறிக்கும் இரண்டு போர்ட் எண்கள், தரவின் எத்தனையாவது பைட் என்று சொல்லும் வரிசை எண், கொடிகள், இன்னும் சில. அனுப்புநர் முகவரி என்பது கடித உறையின் ஓரத்தில் நாமே எழுதும் ‘அனுப்புநர்’ விலாசம் போலத்தான். எழுதியவர் சொன்னது அது. தபால் நிலையம் அதைச் சரிபார்த்து முத்திரை குத்துவதில்லை.

அப்படியானால் உலகில் யார் வேண்டுமானாலும் யார் பெயரிலும் ரீசெட் போட்டுவிடலாமா என்றால், அவ்வளவு சுலபம் இல்லை. போர்ட் எண்கள் இரண்டும் சரியாக இருக்க வேண்டும். வரிசை எண், பெறுபவர் அந்தக் கணத்தில் எதிர்பார்க்கும் எல்லைக்குள் விழ வேண்டும். அது 32 பிட் எண். சுமார் 430 கோடி வாய்ப்புகள். எங்கோ இருக்கும் அந்நியர் குருட்டாம்போக்கில் எறிந்தால் படுவது கடினம். ஆனால் உரையாடல் எந்தக் கம்பி வழியாகப் போகிறதோ அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் இருப்பவர் ஊகிக்கவே வேண்டாம். பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

பார்த்து எழுதியவர் விட்டுச் செல்லும் தடயங்களில் எனக்குப் பிடித்தது டிடிஎல். ஒவ்வொரு பாக்கெட்டும் கிளம்பும்போது ஒரு எண்ணைச் சுமந்து கிளம்புகிறது. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் அதில் ஒன்று குறைகிறது. விண்டோஸ் பொதுவாக 128 என்று தொடங்கும், லினக்ஸ் 64. எடுத்துக்காட்டுக்கு, எதிர்முனையில் ஒரு விண்டோஸ் கணினி 17 ரவுட்டர் தள்ளி இருந்தால் அதன் பாக்கெட்டுகள் உங்களிடம் 111 என்று வந்துகொண்டிருக்கும். வரிசையாக 111, 111, 111. நடுவில் அதே முகவரியிலிருந்து 61 என்று ஒரு ரீசெட் வந்தால், அது அந்த விண்டோஸ் கணினியிலிருந்து கிளம்பியிருக்காது என்று சந்தேகப்பட உங்களுக்கு நியாயம் உண்டு. மூன்றே ரவுட்டர் தள்ளி 64இல் தொடங்கிய ஏதோ ஒன்று அது.

சீன அரசின் இணையத் தடுப்பை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் கிளேட்டன், ஸ்டீவன் மர்டாக், ராபர்ட் வாட்சன் ஆகியோர் 2006இலேயே இதைக் கண்டிருந்தார்கள். தடைசெய்யப்பட்ட சொல் கம்பியில் போனால் இரு பக்கமும் ரீசெட் பறந்தது, அவற்றின் டிடிஎல் பொருந்தவில்லை. இரு முனைகளும் ரீசெட்டைக் கண்டுகொள்ளாமல் விட்டால் உரையாடல் பாட்டுக்கு நடந்தது என்பதையும் காட்டினார்கள். பெய்ஜிங்கில் தணிக்கைக்குப் பயன்பட்ட அதே உத்தி ஓரிகனில் பார்பர்ஷாப் பாட்டுக்கு எதிராகத் திரும்பியிருந்தது என்பதை டோபோல்ஸ்கியின் பதிவு சொன்னது.

ஆனால் டிடிஎல் சந்தேகத்தை எழுப்பும், அதோடு நிற்கும். பாதை நடுவில் மாறினாலும் அந்த எண் மாறும். எதிர்முனையின் வீட்டு ரவுட்டரே தன் கணினியின் பெயரில் ரீசெட் அனுப்பியிருக்கலாம், வருவதையும் போவதையும் வடிகட்டும் ஃபயர்வால் அனுப்பியிருக்கலாம். வக்கீல் ஒருவர் இதைப் பத்து நிமிடத்தில் உடைத்துவிடுவார்.

இரண்டு பதிவுகள்

2007 அக்டோபரில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தானே சோதித்துப் பார்க்க இறங்கியது. அனுப்பத் தேர்ந்தெடுத்தது கிங் ஜேம்ஸ் பைபிள். பதிப்புரிமைச் சிக்கல் கிடையாது; திருட்டுப் படம் அனுப்பினீர்கள் என்று யாரும் வாயைத் திறக்க முடியாது. இந்தத் தேர்வுக்காகவே அந்தச் செய்தியாளரைப் பாராட்டத் தோன்றுகிறது. காம்காஸ்ட் இணைப்பில் இருந்த கணினியிலிருந்து வேறு நிறுவன இணைப்பில் இருந்த கணினிக்கு பிட்டொரென்ட் என்ற கோப்புப் பகிர்வு நெறிமுறை வழியாக அனுப்பினார்கள். மூன்று முயற்சிகளில் இரண்டு தடைபட்டன. மூன்றாவது பத்து நிமிடத் தாமதத்துக்குப் பிறகே தொடங்கியது. ஃபிலடெல்ஃபியாவிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் கோளாறு தெரிந்தது, பாஸ்டன் பகுதியில் சோதித்த கணினியில் தெரியவில்லை.

இதில் முக்கியம், இரண்டு கணினிகளிலும் ஒரே நேரத்தில் பாக்கெட் பதிவு ஓடிக்கொண்டிருந்ததுதான். முதல் கணினியின் பதிவில் இரண்டாவது கணினி அனுப்பியதாக ஒரு ரீசெட் வந்திருந்தது. இரண்டாவது கணினியின் பதிவில் முதல் கணினி அனுப்பியதாக ஒரு ரீசெட் வந்திருந்தது. இரண்டு பதிவிலும் வெளியே போன பாக்கெட்டுகளைத் தேடினால், அப்படி எதையும் எந்தக் கணினியும் அனுப்பியிருக்கவில்லை. இருவர் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போது இடையில் இருப்பவர் அவரவர் கையெழுத்திலேயே ‘இனி எனக்கு எழுதாதே’ என்று ஆளுக்கொரு கார்டு போட்ட கதை. இருவரும் நேரில் சந்தித்துத் தங்களிடம் இருக்கும் கடிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதவரை அது வெளிவரவே போவதில்லை.

அக்டோபர் 19 அன்று செய்தி வந்தது. எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு தன் சொந்தச் சோதனைகளைச் செய்து, நவம்பர் 28 அன்று ஓர் அறிக்கையை வெளியிட்டது. அதோடு சேர்ந்து வெளியான வழிகாட்டி எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது: வயர்ஷார்க்கை வைத்துக்கொண்டு, நண்பர் ஒருவரோடு சேர்ந்து, உங்கள் இணையச் சேவை நிறுவனம் போலிப் பாக்கெட் நுழைக்கிறதா என்று நீங்களே கண்டறிவது எப்படி என்பதை அது படிப்படியாகச் சொன்னது. நிரூபணம் நிபுணர் கையிலிருந்து வாடிக்கையாளர் கைக்கு வந்த இடம் அது.

அந்தச் சோதனையைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், இரண்டு பதிவுகளைப் பக்கத்தில் வைப்பது கேட்பதற்கு இருக்கும் அளவுக்கு எளிதல்ல. முதலில் கடிகாரம். இரண்டு கணினிகளின் நேரமும் மூன்று நொடி விலகியிருந்தால், எந்தப் பாக்கெட்டுக்கு எது ஜோடி என்று மண்டை காயும். ஆகவே நேரத்தை நம்பாமல் வரிசை எண்ணை வைத்து ஜோடி சேர்க்க வேண்டும். அங்கே அடுத்த தடை: வயர்ஷார்க் வழக்கமாக உண்மையான வரிசை எண்ணைக் காட்டாது, இணைப்பின் தொடக்கத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு வசதியான சிறு எண்ணைக் காட்டும். இரு பக்கமும் அறிமுகப் பாக்கெட்டிலிருந்தே பதிவு எடுத்திருந்தால் பரவாயில்லை. ஒரு பக்கம் நடுவில் தொடங்கியிருந்தால் எண்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாது. அந்த வசதியை அணைத்துவிட்டு மூல எண்ணைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் வீட்டு ரவுட்டர். அது முகவரியையும் பல சமயம் போர்ட் எண்ணையும் மாற்றிவிடுகிறது. ஒரே பாக்கெட் இரண்டு பதிவிலும் இரண்டு வேஷத்தில் இருக்கும். சில ரவுட்டர்கள் தாமே ரீசெட் அனுப்பும் பழக்கம் உள்ளவை. சந்தேகத்துக்கு இடமில்லாமல் வேண்டுமென்றால் ரவுட்டரைக் கழற்றிவிட்டுக் கணினியை நேரே மோடத்தில் செருக வேண்டும். அனுப்பும் பக்கத்தில், தரவு கெடாமல் வந்ததா என்று பார்க்க உதவும் செக்சம் எண்ணில் பிழை என்று நூற்றுக்கணக்கில் எச்சரிக்கை வரும். அதுவும் போலி அல்ல, செக்சம் கணக்கை நெட்வொர்க் கார்டு கடைசி நேரத்தில் போடுவதால் பதிவில் பழைய மதிப்பு நிற்கிறது. அனுப்பிய பக்கத்தில் பத்தாயிரம் பைட்டாகத் தெரிந்த ஒரே பாக்கெட், பெற்ற பக்கத்தில் ஏழு துண்டுகளாகத் தெரியும். அதை நறுக்கியதும் நெட்வொர்க் கார்டுதான். இவ்வளவையும் ஒதுக்கிய பிறகும், வந்ததாக ஒரு பதிவு சொல்லி, அனுப்பவில்லை என்று மற்றொரு பதிவு சொல்லும் ஒரு ரீசெட் மிஞ்சினால், அது வாதத்துக்கு அப்பாற்பட்டது.

என் கதை ஒன்று. ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தபோது, சர்வரிலிருந்து ரீசெட் வருகிறது என்று சர்வர் குழுவை இரண்டு நாள் வாட்டி எடுத்தேன். என் பதிவில் தெள்ளத் தெளிவாக இருந்தது, சர்வரின் முகவரி, சிவப்பு வரி. மூன்றாம் நாள் அவர்கள் பொறுமை இழந்து தங்கள் பக்கம் டிசிபிடம்ப் போட்டார்கள். அங்கேயும் ரீசெட் இருந்தது, என் கணினி அனுப்பியதாக. இடையில் இருந்த எங்கள் சொந்த ஃபயர்வால், நெடுநேரம் சும்மா கிடந்த இணைப்புகளை இரு பக்கமும் ரீசெட் அனுப்பி முடித்துவைத்துக்கொண்டிருந்தது. அதை அப்படி அமைத்தது யார் என்று விசாரித்ததில் என் பெயர்தான் வந்தது.

பெட்டிக்குள் இருந்தது

காம்காஸ்ட் பயன்படுத்தியது சாண்ட்வைன் என்ற கனடிய நிறுவனத்தின் பெட்டிகளை. எஃப்.சி.சி.யின் உத்தரவுக்குப் பிறகு 2008 செப்டம்பரில் காம்காஸ்டே விவரங்களை ஒப்படைத்தது. ஏரெஸ், பிட்டொரென்ட், ஈடாங்கி, ஃபாஸ்ட்ராக், நுடெல்லா ஆகிய ஐந்து பகிர்வு நெறிமுறைகள் குறிவைக்கப்பட்டன. அதுவும் ஒருவழியாகப் பதிவேற்றம் மட்டுமே நடக்கும் இணைப்புகள். ஒரு பகுதியில் அவற்றின் எண்ணிக்கை குறித்த அளவைத் தாண்டினால் பெட்டி ரீசெட் அனுப்பத் தொடங்கும். டோபோல்ஸ்கியால் வாங்க முடிந்து, கொடுக்க முடியாமல் போனதன் விளக்கம் இதுதான்.

பெட்டி எப்படி அடையாளம் கண்டது என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. பிட்டொரென்ட் தன்னைத் தானே அறிவித்துக்கொள்ளும் நெறிமுறை. அறிமுகம் முடிந்ததும் வரும் முதல் சரக்குப் பாக்கெட்டைத் திறந்தால் முதல் பைட் 19. தொடர்ந்து வரும் பெயரின் நீளம் அது: ‘பிட்டொரென்ட் புரோட்டோகால்’ என்று ஆங்கிலத்தில் இடைவெளியோடு சேர்த்து எழுதினால் சரியாக 19 எழுத்து. நெற்றியில் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டு வருபவரைப் பிடிக்கத் துப்பறிவாளர் எதற்கு?

அந்தப் பெட்டியும் பாக்கெட் பிடிக்கும் கருவிதான். போக்குவரத்துக்குக் குறுக்கே நிற்காமல் பக்கத்தில் நின்று, ஒரு நகலை வாங்கிப் படித்தது. படித்த வரிசை எண்ணை வைத்து இரு பக்கமும் ரீசெட் எழுதியது. டோபோல்ஸ்கியின் மேசையில் ஓடிய மென்பொருளுக்கும் அதற்கும் அடிப்படையில் ஒரே தொழில்நுட்பம். இவர் படித்ததோடு நின்றார், அது திரும்ப எழுதவும் செய்தது.

பக்கத்தில் நின்று எழுதுவதில் ஒரு பலவீனம் உண்டு. நகலைப் படித்து, ரீசெட்டைத் தயாரித்து அனுப்புவதற்குள் உண்மையான பாக்கெட்டுகள் முந்திப் போய்விடலாம். வரிசை எண் பழையதாகிவிட்டால் ரீசெட் செல்லாது. எனவே ஒன்றுக்கு இரண்டாக அனுப்ப வேண்டும், இரண்டாவதில் எண்ணைச் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். எவ்வளவு தள்ளுவது என்பதைப் பெட்டியை வடிவமைத்தவர் தீர்மானித்திருப்பார், அந்தத் தீர்மானம் பெட்டிக்குப் பெட்டி மாறாது. நிக்கோலஸ் வீவர், ராபின் சோமர், வெர்ன் பாக்ஸன் ஆகிய மூவர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதையே கைரேகையாகக் கொண்டது. ரீசெட்டுகளுக்கிடையே வரிசை எண் எவ்வளவு தாவுகிறது, ஐபி அடையாள எண் எப்படி மாறுகிறது என்பதை வைத்து, போலி ரீசெட் நுழைக்கும் சாதனங்களைத் தனித்தனி வகைகளாக அடையாளம் காண முடிந்தது. அவற்றில் ஒன்று சாண்ட்வைன். கள்ளக் கையெழுத்துப் போடுபவருக்கும் சொந்தக் கையெழுத்து இருக்கிறது என்று படித்தபோது சிரித்துவிட்டேன்.

சேதாரமும் இருந்தது. நிறுவனங்கள் பயன்படுத்திய லோட்டஸ் நோட்ஸ் மின்னஞ்சலில் பெரிய இணைப்புக் கோப்போடு கடிதம் அனுப்பியவர்களுக்கும் ரீசெட் வந்தது. பாட்டுப் பகிர்பவரைத் தேடிப் போன பெட்டி அலுவலகக் கடிதத்தைக் கிழித்துப் போட்டது.

‘தாமதம்’ என்ற சொல்

காம்காஸ்ட் முதலில் தாங்கள் எதையும் தடுக்கவில்லை என்றது. செய்தி நிறுவனத்தின் சோதனை வெளிவந்த பிறகு, தடுக்கவில்லை, தேவைப்படும்போது தாமதப்படுத்துகிறோம் என்றது. ரீசெட் வாங்கிய இணைப்பு தாமதமாவதில்லை, செத்துப்போகிறது. மென்பொருள் விடாப்பிடியாக மறுபடி மறுபடி முயன்று, பெட்டி அசந்த நேரத்தில் ஒன்று நுழைந்தால் பயனருக்குத் தாமதம் போலத் தோன்றலாம். பஸ்ஸிலிருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறக்கிவிடப்பட்டவர் எப்படியோ ஊர் போய்ச் சேர்ந்தால், பஸ் மெதுவாகப் போனது என்றா சொல்வோம்?

அதற்காக நிறுவனம் சொன்ன நெரிசல் கட்டுக்கதை என்று எழுதிவிடவும் மாட்டேன். கேபிள் இணைப்பில் பதிவேற்றப் பாதை குறுகலானது, பலர் பகிர்ந்துகொள்வது. நிறுவனத்தின் கணக்கிலேயே சராசரியாக 100 மோடங்கள் ஒரு பதிவேற்றப் போர்ட்டை (இது நிறுவனத்தின் கருவியில் உள்ள இணைப்பு முனை, முன்பு சொன்ன போர்ட் எண் அல்ல) பகிர்ந்துகொண்டன. பதிவிறக்கத்துக்கு அது 275. நாள் முழுக்கக் கொடுத்துக்கொண்டே இருக்கும் நான்கைந்து வீடுகள் ஒரு தெருவையே திணறடிக்க முடியும். தண்ணீர்க் குழாயில் முதல் வீட்டுக்காரர் மோட்டார் போட்டால் கடைசி வீட்டுக்கு என்ன வரும் என்று நமக்குத் தெரியாததா? நெரிசலை ஆள்வதற்கு நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். இன்னொருவர் பெயரில் பாக்கெட் எழுதுவது அந்த உரிமையில் அடங்காது. அதோடு, நெரிசல் என்ற காரணத்தையும் பதிவுகளே பலவீனப்படுத்தின. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் கிளாஸ்நோஸ்ட் என்ற சோதனையை உருவாக்கி, ஆயிரக்கணக்கான பயனர்கள் தங்கள் பிரவுசரிலிருந்தே அதை ஓட்டும்படி செய்தார்கள். 2008இல் வந்த முடிவுகளில், காம்காஸ்ட் இணைப்புகளில் தடை நாளின் எல்லா நேரத்திலும் இருந்தது. நள்ளிரவிலும் விடியற்காலையிலும் நெரிசல் என்றால் யார் நம்புவார்?

விசாரணை

2007 நவம்பர் 1 அன்று ஃப்ரீ பிரஸ், பப்ளிக் நாலெட்ஜ் ஆகிய அமைப்புகள் எஃப்.சி.சி.யிடம் புகார் கொடுத்தன. 2008 பிப்ரவரி 25 அன்று ஹார்வர்ட் சட்டப் பள்ளியில் நடந்த பொது விசாரணையில் பாக்கெட்டைவிட நாற்காலிதான் அதிகம் பேசப்பட்டது. தங்கள் ஊழியர்களுக்கு இடம் பிடித்து வைக்க ஆட்களைக் காசு கொடுத்து அமர்த்தியதைக் காம்காஸ்ட் ஒப்புக்கொண்டது. உள்ளே இடமில்லாமல் பலர் வெளியே நின்றார்கள், உள்ளே இருந்த சிலர் தூங்கினார்கள். ஏப்ரல் 17 அன்று ஸ்டான்ஃபோர்டில் நடந்த அடுத்த விசாரணைக்குக் காம்காஸ்ட் வரவில்லை. டோபோல்ஸ்கி வந்து சாட்சி சொன்னார்.

ஆகஸ்ட் 1 அன்று ஆணையம் 3க்கு 2 என்ற வாக்கில் நிறுவனத்துக்கு எதிராக முடிவெடுத்தது. குடியரசுக் கட்சியைச் சேர்ந்த தலைவர் கெவின் மார்ட்டின் இரண்டு ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களோடு சேர்ந்து வாக்களித்தார். அபராதம் இல்லை, ஆண்டு இறுதிக்குள் நிறுத்த வேண்டும், மாற்றுத் திட்டத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். உறைமேல் உள்ள விலாசத்தைப் பார்க்காமல், உள்ளே என்ன கடிதம் என்று பிரித்துப் பார்த்துக் கொண்டுசேர்க்கிறது இந்த நிறுவனம் என்ற பொருளில் உத்தரவு எழுதப்பட்டிருந்தது.

இரண்டு ஆண்டு கூட அது நிற்கவில்லை. 2010 ஏப்ரல் 6 அன்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், இப்படி உத்தரவிட ஆணையத்துக்குச் சட்டத்தில் அதிகாரம் இல்லை என்று அதை ரத்துசெய்தது. காம்காஸ்ட் செய்தது சரி என்று நீதிமன்றம் சொல்லவில்லை. பாக்கெட் பதிவுகளை யாரும் பொய் என்று உடைக்கவும் இல்லை. வழக்கு சாட்சியில் தோற்கவில்லை, அதிகாரத்தில் தோற்றது. வாடிக்கையாளர்கள் தொடுத்த தனி வழக்கு, தவறை ஒப்புக்கொள்ளாமலே, 1.6 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. ஆளுக்கு அதிகபட்சம் 16 டாலர்.

பிறகு வந்தவை

காம்காஸ்ட் புதிய முறைக்கு மாறியது. 2010 டிசம்பரில் அதை இணையப் பொறியாளர்களின் பொது ஆவண வரிசையில் 6057 என்ற எண்ணில் எழுதிவைத்தது. ஒரு பதிவேற்றப் போர்ட் 15 நிமிடத்துக்கு 70 சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருந்தால், அந்தப் போர்ட்டில் தன் வேகத்தின் 70 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து பயன்படுத்துபவரின் பாக்கெட்டுகள் சற்றுக் கீழ் முன்னுரிமைக்குப் போகும்; 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பழைய இடம் திரும்பக் கிடைக்கும். பைபிளா, பாட்டா, பிட்டொரென்ட்டா என்று பார்ப்பதில்லை. 2007இலேயே இதைச் செய்திருக்கலாமே என்று அந்த ஆவணத்தைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும்.

போலி ரீசெட்டின் காலமும் மெல்ல மாறிவருகிறது. டிசிபியின் வேலையை வேறு விதமாகச் செய்யும், 2021 மே மாதம் தரமாக வெளியான க்விக் நெறிமுறையிலும் ரீசெட் போன்ற ஒன்று உண்டு. ஆனால் அதன் கடைசி 16 பைட், இணைப்பின் இரு முனைகளுக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசிய எண். மறையாக்கத்துக்குள் அது முன்கூட்டியே பரிமாறப்பட்டிருக்கும். கம்பிக்குப் பக்கத்தில் நின்று எவ்வளவு படித்தாலும் கிடைக்காது. வயர்ஷார்க்கில் ஒரு க்விக் இணைப்பைப் பிடித்துப் பார்த்தால் பெரும்பாலான வரிகளில் பாதுகாக்கப்பட்ட சரக்கு என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. இப்படி மறைந்து போகும் இணைப்பில் 19 போன்ற ஒரு பைட்டை யாரும் எட்டிப் பார்க்க முடியாது.

இடையில் இருப்பவரால் இப்போதும் முடிவது ஒன்று உண்டு. பாக்கெட்டை எதுவும் சொல்லாமல் கீழே போட்டுவிடலாம். அப்போது சிவப்பு வரி எதுவும் வராது. பொருந்தாத டிடிஎல், தாவும் வரிசை எண், கைரேகை எதுவும் இருக்காது. அனுப்பியவரின் பதிவில் ஒரு வரி இருக்கும், பெற வேண்டியவரின் பதிவில் அது இருக்காது. அதைக் கண்டுபிடிக்க மறுபடியும் இரண்டு முனையிலும் ஆள் வேண்டும், இரண்டு பதிவு வேண்டும், பொறுமையாக ஒன்றை ஒன்றுக்குப் பக்கத்தில் வைக்க ஒரு மாலைப்பொழுது வேண்டும்.